ஒன்பது இறுக்குகிறது, பத்து கழலுகிறது: அகலப் பாதத்துக்கு ஓட்ட ஷூ

தேங்காப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 39, பள்ளி ஆசிரியர். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் டாக்டர் ஓடச் சொல்லி, ஒன்றரை வருடமாக ஓடுகிறார். சின்ன வயதில் கடற்கரையில் செருப்பில்லாமல் பந்து விளையாடி வளர்ந்த கால். இதுவரை மூன்று ஜோடி ஷூ வாங்கி 16,000 ரூபாய் செலவழித்திருக்கிறார். 9ஆம் எண் ஷூ சுண்டுவிரலைக் கடித்துக் கொப்புளம் வந்தது. 10ஆம் எண் வாங்கினால் குதிகால் கழன்றுகொண்டே இருக்கிறது, இறக்கத்தில் ஓடிப் பெருவிரல் நகமும் கறுத்துவிட்டது. மூன்றாவது, கடையில் ஒரு மெஷினில் ஏற்றி நிறுத்தி “உங்களுக்குத் தட்டைப் பாதம்” என்று சொல்லிக் கொடுத்த விலை கூடிய ஷூ. அது உள்வளைவில் குத்துகிறது, புறங்காலை அமுக்குகிறது. ஏ4 தாளில் காலை வரைந்து அளவும் போட்டிருக்கிறார்: நீளம் இடது 27.1 செ.மீ., வலது 27.6 செ.மீ., அகலம் இரண்டும் 11.2 செ.மீ. கடைசியில் கேள்வி: “எந்தக் கம்பெனி ஷூ வாங்கலாம்?”

கம்பெனி பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் அவர் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: “என் காலில்தான் ஏதோ கோளாறு போல.” உண்மையில் அவர் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். கால் தப்பா, ஷூ தப்பா?

நான் நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்ட். 18 வருடத்தில் என்னிடம் வந்தவர்களில் பெரும்பகுதி கால், முட்டு, இடுப்பு என்று வந்தவர்கள்தான். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பழகும் பையன்கள், விடியலுக்கு முன்பே ரப்பர் தோட்டத்தில் நடந்து பால் வெட்டுகிறவர்கள், காலையில் அண்ணா விளையாட்டரங்கில் சுற்றி வரும் ஓய்வுபெற்றவர்கள் என்று எல்லா விதமான கால்களையும் பார்த்திருக்கிறேன். நான் எலும்பு மருத்துவர் இல்லை. உங்கள் காலை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, என் அனுபவத்தில் தோன்றுவது எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். செருப்பில்லாமல் வளர்ந்த கால் முன்பக்கம் விரியும். விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விசிறி போலப் பரந்து நிற்கும். பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெறுங்காலோடு நடந்தே பழகிய இந்தியர்களையும் ஷூ போட்டுப் பழகியவர்களையும் ஒப்பிட்டார்கள். வெறுங்கால்காரர்களின் பாதம் அகலமாக இருந்தது, உடல் பாரமும் பாதம் முழுக்க இன்னும் சீராகப் பரவியிருந்தது. அதற்கு முன்பே, 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, மணிப்பாலைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதங்களைப் பார்த்தார்கள். செருப்பு, ஷூ போட்டுப் பழகிய குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அது மிகுதி. ஆகவே, உங்கள் கால் கடற்கரையில் எப்படி வளர வேண்டுமோ அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஷூதான் வேறொரு காலுக்காகச் செய்யப்பட்டது.

அந்த வேறொரு கால் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். எந்த ஷூவும் ‘லாஸ்ட்’ என்கிற ஒரு கால் வடிவ அச்சின் மேல்தான் செய்யப்படுகிறது. அச்சின் அகலம், குதிகாலின் பருமன், புறங்காலின் உயரம் எல்லாமே கம்பெனி முடிவு செய்வது. நம் ஊர்க் கடைக்கு வருகிற ஓட்ட ஷூக்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களை மனதில் வைத்துச் செய்த அச்சில் வந்தவை. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனில் அளந்து பார்த்தது. இந்தியக் கால்கள் பொதுவாக அகலம் கூடியவை என்று அதில் தெரிந்தது. அதை வைத்து ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென ஓர் அளவு முறையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். பெட்டியில் இன்னும் பழைய எண்தான் அச்சாகி வருகிறது.

அந்தப் பழைய எண்ணை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நம் கடைகளில் சொல்லும் 8, 9, 10 எல்லாம் இங்கிலாந்து எண்கள். ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர். ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்து அந்தக் காலத்தில் வகுத்த கணக்கு அது. இது நீளத்தை மட்டும் சொல்கிற எண். அகலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. போதாக்குறைக்கு ஒரே எண் எல்லாக் கம்பெனியிலும் ஒரே நீளமும் கிடையாது. அடிடாஸ் 9ஐ எடுத்து நாக்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள், 27.5 செ.மீ. என்ற கணக்கு இருக்கும். நைக்கி 9இல் அது 28. (எவ்வளவு நீளப் பாதத்துக்கு அந்த ஷூ என்று சொல்கிற கணக்கு இது, ஷூவின் உள்நீளம் இல்லை.) கடையில் எண்ணைச் சொல்லாமல் இந்த சென்டிமீட்டரைப் பார்த்து வாங்குகிற பழக்கம் வர வேண்டும். உங்கள் வலது கால் 27.6. 27.5 என்று போட்ட ஷூவில் அந்தக் கால் நிம்மதியாக இருக்க வழியில்லை. இரண்டு காலுக்கும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று பயப்படவும் வேண்டாம். முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். சின்னக் காலில் கூடுதல் இடத்தை லேஸாலும் சாக்ஸாலும் சரிக்கட்டலாம். பெரிய காலை எதை வைத்தும் சின்னதாக்க முடியாது.

இப்போது நீங்கள் செய்த தவறு. நீங்கள் மட்டுமல்ல, என்னிடம் வருகிற அகலக் கால்காரர்கள் பெரும்பாலும் செய்கிற அதே தவறு: அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டி வாங்குவது. 9 இறுக்கியதும் 10க்குப் போனீர்கள். முன்பக்கம் கொஞ்சம் அகலம் கிடைத்தது. கூடவே எட்டரை மில்லிமீட்டர் நீளமும் வந்தது, உங்களுக்குத் தேவையில்லாத பருமனான குதிகால் கிண்ணமும் வந்தது. ஷூ மடங்குகிற இடம் உங்கள் விரல்மூட்டு மடங்குகிற இடத்துக்கு முன்னால் தள்ளிப்போயிற்று. குதிகால் பிடிக்காத ஷூவில் ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் முன்னால் வழுக்கும். கிள்ளியூர், கருங்கல் பக்கத்து ரோடுகள் எப்படி ஏறி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நீண்ட இறக்கத்தில் நூறு முறை விரல்நுனி போய் முட்டினால் நகத்துக்கு அடியில் இரத்தம் கட்டிக் கறுக்கும். சின்ன ஷூவால்தான் நகம் கறுக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரிய ஷூவாலும் அதே நகம் அதே மாதிரி கறுக்கும். (அந்தப் பெருவிரல் நகம் முழுதாக மாறி வளர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். பதற வேண்டாம். சீழ், வீக்கம், விண்விண் என்று தெறிப்பு இருந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.)

அகலத்துக்கு என்று தனி அடையாளம் இருக்கிறது. ஆண்கள் ஷூவில் சாதாரண அகலம் ‘டி’. அதற்கு மேல் ‘2ஈ’, அதற்கும் மேல் ‘4ஈ’. பெண்கள் ஷூவில் சாதாரணம் ‘பி’, அகலம் கூடியது ‘டி’. பெட்டியின் பக்கவாட்டுச் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் இது இருக்கும், இல்லையென்றால் ‘வைட்’ என்று எழுதியிருக்கும். ஒன்றுமே போடவில்லை என்றால் அது சாதாரண அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் பெண்களுக்கு ஒரு வழியும் இருக்கிறது: பாதம் அகலமாக இருந்து பெண்கள் ஷூவில் அகல வகை கிடைக்காவிட்டால், அதே சென்டிமீட்டர் உள்ள ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்க்கலாம், அதன் சாதாரண அகலமே ஒரு படி கூடுதல். உங்கள் 11.2 செ.மீ. அகலம் உண்மையானால் ‘டி’ உங்களுக்கு ஆகாது. 2ஈயில் தொடங்கிப் பாருங்கள், 4ஈ வேண்டியிருக்கலாம்.

“உண்மையானால்” என்று நான் சொன்னதற்குக் காரணம், வரைந்து அளக்கும்போது பென்சில் சாய்ந்தாலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறிவிடும். மறுபடி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். சாயங்காலம், முடிந்தால் ஓடிவிட்டு வந்தபின். நாள் போகப் போக, வெக்கையில், ஓட்டத்தில் பாதம் வீங்கும். காலையில் அளந்தால் இல்லாத காலை அளந்ததாகிவிடும். சுவரில் குதிகாலை ஒட்டி, பாரம் முழுக்க அந்தக் காலில் இறங்கும்படி நில்லுங்கள், வேறொருவர் பென்சிலை நட்டுக்குத்தாகப் பிடித்து வரையட்டும். நீளத்தைப் பெருவிரல் வரைக்கும் என்று எடுக்காதீர்கள், எது நீளமான விரலோ அதுவரை எடுங்கள். இரண்டாவது விரல் நீண்டவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். பிறகு தையல் டேப் ஒன்றை எடுத்து, பெருவிரல், சுண்டுவிரல் அடிமூட்டுகளைச் சுற்றி ஒரு சுற்றளவு, புறங்காலின் மேட்டைச் சுற்றி இன்னொரு சுற்றளவு எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் தெரியாத ஒரு விஷயம் இது: ஒரே அகலமுள்ள இரண்டு பாதங்களில் ஒன்று தட்டையாகவும் ஒன்று தடித்தும் இருக்கும். உங்கள் மூன்றாவது ஷூ புறங்காலை அமுக்குகிறது என்று சொன்னதைப் பார்த்தால் உங்களுக்குப் புறங்கால் மேடு உயரமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

வெளிநாட்டுக் கடைகளில் பிரானாக் என்ற உலோகத் தட்டில் காலை வைத்து அளப்பார்கள். அமெரிக்காவில் ஒரு ஷூ கடைக்காரரின் மகன் 1920களில் செய்தது அது. நீளம், அகலம் இரண்டோடு குதிகாலிலிருந்து விரல்மூட்டு வரைக்குமான தூரத்தையும் அது காட்டும். அது நம்மிடம் இல்லை என்று வருத்தப்படத் தேவையில்லை, அதைவிட நேரடியான ஒரு சோதனை இருக்கிறது. ஷூவுக்கு உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே உருவித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரல் மூட்டோ இன்சோலின் ஓரத்தைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூ எவ்வளவு விலையானாலும் உங்களுக்கு இல்லை. கடைக்காரர் எதுவும் சொல்ல மாட்டார், பத்து நொடி வேலை. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

கடைக்குள் போனபின் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், உட்கார்ந்து பார்த்தால் அது சரியாகத் தெரியாது. விரல்களை உள்ளே பியானோ வாசிப்பது போல அசைக்க முடிய வேண்டும். பிறகு கடைக்குள்ளேயே, இடமில்லை என்றால் வெளியே நடைபாதையிலாவது, நாலு எட்டு ஓடிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். அந்த நேரத்தில் கடைப் பையன் நிச்சயம் ஒரு வார்த்தை சொல்வான்: “அண்ணே, போடப் போட லூசாயிரும்.” தோல் ஷூக்களின் காலத்தில் அது உண்மை. தோல் இழுபடும், காலுக்கு ஏற்ப வளையும். இன்றைய ஓட்ட ஷூவின் மேல்பாகம் செயற்கை நூலில் நெய்த வலை, அதன் மேல் பிளாஸ்டிக் பட்டைகள். அது அப்படி இழுபட்டு நிற்காது. முதல் நிமிடத்தில் எங்கே கடிக்கிறதோ, 200 கிலோமீட்டர் ஓடினபிறகும் அங்கேதான் கடிக்கும்.

உங்கள் காலுக்கு, அதாவது முன்பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம் என்கிற அமைப்புக்கு, எனக்குத் தெரிந்து பெரிய உதவி லேஸ் கட்டுகிற முறையில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஷூவில் எல்லாவற்றுக்கும் மேலே, கரண்டைக்குப் பக்கத்தில், பெரும்பாலும் யாரும் கோக்காமல் விட்டுவிடுகிற ஒரு கூடுதல் துளை இரண்டு பக்கமும் இருக்கும். அது அழகுக்கு வைத்தது இல்லை. வழக்கம்போலக் கடைசிக்கு முந்திய துளைவரை லேஸைக் குறுக்காகக் கோத்து வந்ததும், அந்தக் கூடுதல் துளைக்குள் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்திலேயே வெளியிலிருந்து உள்ளே நுழைத்து, முழுக்க இழுக்காமல் ஒரு சின்ன வளையம் விட்டு வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது இடப்பக்க நுனியை வலப்பக்க வளையத்துக்குள்ளும், வலப்பக்க நுனியை இடப்பக்க வளையத்துக்குள்ளும் விட்டுக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்கிண்ணத்துக்குள் போய் உட்காருவதை அப்போதே உணர்வீர்கள். கட்டுவதற்கு முன் குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளிக்கொள்வது முக்கியம். முன்பக்கத்துக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: விரல்களுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் துளை ஜோடியைக் கோக்காமல் விட்டு, இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். அகலப் பகுதியில் மேல்பாகம் விரிந்துகொடுக்கும். புறங்கால் மேடு அமுங்குகிறதென்றால், வலிக்கிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் லேஸைக் குறுக்காகப் போடாமல் அந்தந்தப் பக்கமாகவே நேராக மேலே கொண்டுபோய், அதற்கு அடுத்த துளையிலிருந்து மறுபடி குறுக்காகப் போடுங்கள். அந்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்தது போல இருக்கும். இந்த மூன்றையும் ஒரே ஷூவில் சேர்த்தே செய்யலாம். முன்னால் தளர்வு, நடுவில் ஜன்னல், மேலே பூட்டு. காசு செலவில்லை, பத்து நிமிடம் பொறுமை போதும்.

லேஸால் தீராதது சில உண்டு. அருமனைப் பக்கத்திலிருந்து பால்வெட்டுக்குப் போகிற ஒரு அக்கா வந்தார். பெருவிரல் மூட்டு எலும்பு வெளியே துருத்தி, அதன் மேல் ஷூவின் பிளாஸ்டிக் பட்டை உரசி உரசித் தோல் புண்ணாகியிருந்தது. மகன் ஆசையாக வாங்கிக்கொடுத்த ஷூ, விட மனதில்லை. வடசேரியில் செருப்பு தைக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் கூட்டிப்போனேன். சாக்குக்கட்டியால் மூட்டு நிற்கிற இடத்தைக் குறித்து, அந்தப் பட்டையை மட்டும் தையல் பிரித்து எடுக்கச் சொன்னேன். “சாரே, புது ஷூவாக்கும், கை வெச்சா கம்பெனில மாத்தித் தரமாட்டானுவ” என்றார். அக்காவே பதில் சொன்னார்: “மாத்தித் தராட்டி போவட்டு அண்ணாச்சி, காலு சொகமா இருந்தா மதி.” பட்டை போனது, வலை மட்டும் நின்றது. பிறகு புண் ஆறியது. ஷூவைக் கத்தரிப்பது கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கடிக்கிற, மற்றபடி நல்ல ஷூவுக்கு இதைவிட நேர்மையான மருத்துவம் எனக்குத் தெரியாது. வலையில் ஓட்டை போட வேண்டாம், கிழிசல் பெருகும். மேலே ஒட்டிய, தைத்த பட்டையைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து உங்கள் தட்டைப் பாதம். இங்கேதான் நான் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதில் நான் தவறியிருக்கிறேன். தொழில் தொடங்கிய முதல் ஐந்தாறு வருடம், ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் பதிக்கவைத்து, தடம் முழுசாகப் பதிந்தால் உள்வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் ஷூ, வளைந்து பதிந்தால் மெத்தென்ற ஷூ என்று எல்லோருக்கும் எழுதிக்கொடுத்தேன். அப்படித்தான் எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். வலியே இல்லாமல் வந்த ஒரு பையனுக்கு நான் சொன்ன ஷூவால் முழங்கால் வலி வந்து, பழைய ஷூவுக்குத் திரும்பியதும் அது போனது. அன்றிலிருந்துதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்படை என மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாதத்தின் வடிவம் பார்த்து ஷூ கொடுத்தார்கள், இன்னொரு கூட்டத்துக்கு வடிவம் பார்க்காமல் ஒரே வகை ஷூ. காயப்படுவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், பாத வகை பார்த்து ஷூ பரிந்துரைப்பதால் காயம் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றே சொன்னது. அதே சமயம் 2016இல் லக்சம்பர்க்கில் செய்த ஒரு சோதனையில், பாதம் உள்பக்கமாகச் சாய்கிறவர்களுக்கு அந்த முட்டு வைத்த ஷூ உதவியிருக்கிறது. ஆகவே இது முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். விவாதம் முடியாத விஷயம். முடியாத விஷயத்தை முடிந்தது போலச் சொல்லி, குத்துகிற ஷூவை விற்றதுதான் தப்பு. வலியில்லாத தட்டைப் பாதம் நோய் இல்லை. அந்த மெஷின் உங்கள் பாதத்தின் பாரம் எங்கே விழுகிறது என்று காட்டும். எந்த ஷூ உங்களுக்கு இதமாக இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

பின் எதை வைத்து முடிவெடுப்பது? கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் என்ற ஆய்வாளர் 2015இல் ஒரு கருத்தை முன்வைத்தார். உடல் தனக்கு இதமான ஷூவைத் தானே தேர்ந்தெடுக்கும், அந்த இதத்தை வடிகட்டியாக வைத்துக்கொண்டாலே காயம் குறையக்கூடும் என்பது அதன் சாரம். நிறுவப்பட்ட உண்மை என்று சொல்ல மாட்டேன், நல்ல ஊகம். என் அனுபவம் அதன் பக்கம்தான் நிற்கிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை என்று சொன்னீர்கள். எல்லைக்கோடுதான் என்றாலும், சிலருக்குப் பாத நரம்புகளின் உணர்வு மெதுவாகக் குறையத் தொடங்கியிருக்கும், அவர்களுக்கே தெரியாது. உணர்வு குறைந்த காலுக்கு எந்த ஷூவும் இதமாகத்தான் இருக்கும், கடிக்கிற ஷூவும்கூட. அப்போது இதத்தை நம்பி வாங்கினால் புண்ணில் போய் முடியும். உங்களுக்குக் கொப்புளம் வலித்தது என்பதே நல்ல செய்தி. இருந்தாலும் அடுத்த ஷூ வாங்கும் முன் ஒருமுறை, 10 கிராம் அழுத்தம் தருகிற நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். எளிய சோதனை, வலி கிடையாது, சர்க்கரை நோய் பார்க்கிற மருத்துவர்களிடம் இருக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நுண்துளை ரப்பர் செருப்பு, வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகளிலிருந்து வந்தது. அந்த வழியில் வந்த ஒரு பழக்கம் உங்களுக்கும் ஆகும்: புது ஷூவில் ஓடி வந்ததும் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைச் சுற்றிலும் பாருங்கள், அடிப்பக்கத்துக்கு ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். எங்காவது சிவந்திருந்து, 20 நிமிடம் கழித்தும் அந்தச் சிவப்பு மாறாமல் இருந்தால் அந்த இடத்தில் ஷூ அழுத்துகிறது. காலுக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். போடும் முன் ஷூவுக்குள் கையை விட்டு ஒருமுறை தடவிப் பார்ப்பதையும் பழக்கமாக்குங்கள்.

பழையபடி கடற்கரை மணலில் வெறுங்காலோடே ஓடிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். பழகிய கால் என்றாலும் இருபது வருடம் இடைவெளி விட்ட கால் அது. இளகிய மணலில் குதிகால் புதையப் புதையப் பின்னங்கால் தசைநாருக்குப் பாரம் கூடும். அலை நனைக்கிற ஓரம் கெட்டியாக இருந்தாலும் ஒருபக்கம் சரிந்திருக்கும். உணர்வுச் சோதனை முடியும்வரை வேண்டாம். அது சரியாக இருந்தால் வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் நடையிலிருந்து தொடங்கலாம்.

சாக்ஸ், மழை இரண்டையும் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். சரியான ஷூவிலும் கொப்புளம் வரும், நம் ஊர்ப் புழுக்கத்தில். ஈரத் தோல் உரசலுக்குச் சீக்கிரம் இளகும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காலோடு ஒட்டும். செயற்கை நூல் கலந்த ஓட்ட சாக்ஸ் வாங்குங்கள். விரல் இடுக்கில் கொப்புளம் வருகிறதென்றால் விரல்விரலாகப் பிரித்த சாக்ஸ் உதவும், அதற்கும் ஷூவில் கொஞ்சம் அகலம் கூடுதலாக வேண்டும். ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இருக்கிற மாவட்டம் நம்முடையது. நனைந்த ஷூவை அடுப்புப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ வைக்காதீர்கள். நடுச்சோலின் (இன்சோலுக்கும் அடிச்சோலுக்கும் நடுவில் இருக்கும் மெத்தை) நுரை சூட்டில் சுருங்கும், பசை விடும். அப்புறம் முந்தாநாள் வரை சரியாக இருந்த ஷூ இறுக்கும். இன்சோலை உருவித் தனியாகக் காயவைத்து, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். தாளை இரண்டு முறை மாற்றினால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

இனி கம்பெனி. ஆசிக்ஸ், நியூ பேலன்ஸ், புரூக்ஸ் மூன்றும் சில மாடல்களை 2ஈ, 4ஈ அகலங்களில் செய்கின்றன. ஆல்ட்ரா, டோப்போ என்ற இரண்டும் விரல்பகுதியைக் கால் வடிவத்திலேயே பரத்திச் செய்பவை. பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் அச்சு மாறும். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் அகல வகை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். திருவனந்தபுரம் போய்ப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி எடுக்கிற நிபந்தனையைப் படித்துவிட்டு, 28 செ.மீ. 2ஈ ஒன்றும், அதே நீளத்தில் 4ஈ ஒன்றும் வரவழைத்து, சாயங்காலம் வீட்டுக்குள் பாய் விரித்து அதன் மேலேயே போட்டு நடந்து பாருங்கள். சோலில் மண் படாமல் இருந்தால்தான் திருப்பி எடுப்பார்கள்.

புதிது வாங்கும் முன் கையில் இருக்கும் மூன்று ஜோடியையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 10ஆம் எண்ணை விட வேண்டாம். மேலே சொன்ன பூட்டு லேஸைக் கட்டி, சமதளத்தில் மட்டும் ஒரு வாரம் ஓடிப் பாருங்கள். குதிகால் நின்றுவிட்டால் அது இன்னும் சில மாதம் உழைக்கும். விலை கூடிய மூன்றாவதில் இன்சோல் கழன்று வருகிறதா பாருங்கள். உள்வளைவு முட்டு இன்சோலிலேயே இருந்தால், அதை எடுத்துவிட்டு முட்டில்லாத மெல்லிய இன்சோல் போட்டால் குத்தலும் போகும், புறங்காலுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடமும் கிடைக்கும். வெட்டிப் போடும் இன்சோல் உள்ளே நகராமல் ஓரம்வரை சரியாகப் பொருந்த வேண்டும். 2015 பெர்லின் மாரத்தானில் கென்ய ஓட்ட வீரர் கிப்சோகேக்கே இன்சோல் வழுக்கி ஷூவுக்கு வெளியே வந்து தொங்கியது, வென்றாலும் காலெல்லாம் புண்ணோடுதான் முடித்தார். முட்டு நடுச்சோலோடு சேர்ந்தே இருந்தால் அந்த ஷூவை நடைக்கு வைத்துக்கொள்ளப் பாருங்கள், அதற்கும் குத்தினால் வேண்டாம். 9ஆம் எண்ணை மட்டும் எதுவும் செய்து காப்பாற்ற முடியாது. உங்கள் பள்ளியில் ஓடுகிற, ஒடுங்கிய பாதமுள்ள ஒரு பையனை இன்சோல் மேல் ஏற்றி நிறுத்திப் பாருங்கள். வழியவில்லை என்றால் அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்.